நிழல் முந்திக்கொண்ட ஊர்

மாசி பிறந்து, உப்பளத்தில் புதுப் பருவத்தின் முதல் உப்பு விளைந்து, கண்ணைக் கூசவைக்கும் வெயில் ஊருக்குள் வந்து குடியேறிவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கழிமுனை என்கிற எங்கள் ஊரில் நிழல்கள் ஆட்களை முந்திக்கொண்டன. முதலில் பார்த்தவர் கங்காணி. பாத்திகளில் பதினேழு பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருக்க, வெள்ளை உப்பின் மேல் பதினேழு கறுத்த நிழல்களும் வாருபலகையை நீட்டி, இழுத்து, கரையில் ஒதுக்கி, நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து முடித்த பிறகு, ஒரு மூச்சு நேரம் கழித்து, பதினேழு பெண்களும் அதையே செய்தார்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்த கங்காணி இரண்டு செம்பு நீராகாரம் குடித்தார், முகத்தைக் கழுவினார், திரும்பிப் பார்த்தார். நிழல்கள் அப்போதும் முந்தித்தான் இருந்தன. அதன் பிறகு அவர் வழக்கம்போல வேலை மந்தமாக நடக்கிறது என்று ஏச ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் பார்த்துவிட்டது. டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணாடி டம்ளரைப் பார்த்த உடனே அவன் நிழல் கையை நீட்டி, விரல்களை அந்த டம்ளர் அகலத்துக்கே வளைத்து, எடுத்து வாயில் வைத்துவிடும். அப்புறம்தான் கை கிளம்பும். செம்பைப் பார்த்தால் செம்பு அளவுக்கு விரல் விரியும், ஊசியைப் பார்த்தால் இரண்டே விரல் நுனி குவியும், உப்பு மூட்டையைப் பார்த்தால் முட்டி மடங்கி முதுகு நேராகும். தெருவில் நடப்பவர்களின் நிழல்கள் திருப்பத்தில் முன்கூட்டியே திரும்பி, ஆள் வரட்டும் என்று சுவரோரம் காத்து நிற்கும். ஆள் மனசு மாறி அந்தப் பக்கம் போகாவிட்டால், நிழல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காலடிக்குத் திரும்பிவிடும். இரண்டே நாளில் நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டன.

மாதம் ஒருமுறை வருகிற சுகாதார நர்ஸ் எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, இது ஒன்றும் வியாதியில்லை என்றார். கண் ஒரு பொருளைப் பார்த்ததுமே எவ்வளவு தூரம், எவ்வளவு கனம், எத்தனை விரல் வேண்டும் என்று எல்லா மனிதர்களுக்கும் மண்டைக்குள் ஒரு ஒத்திகை நடக்குமாம்; அது முடிந்த பிறகுதான் கை அசையுமாம்; மற்ற ஊர்களில் உள்ளே நடக்கிற ஒத்திகை உங்கள் ஊரில் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டோம். யோசித்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பேருந்தில் ஏறும்போது அவருடைய நிழலும் அவருக்கு முன்பே ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டது.

அதிசயம் எதற்காக வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உப்பளத்தில் எட்டு மணி நேரம் நின்று வந்தவனுக்கு எதற்காக என்று கேட்கத் தெம்பு இருக்காது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பது பெரிய பாடாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகள் நிழல் மாமியார் நிழலின் கொண்டையைப் பிடித்தது. அடுத்த வீட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற மனிதரின் நிழல் கோழியின் கழுத்தைத் திருகிவிட்டது. கோழி பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது, ஆனால் கோழிக்காரி விடுவாளா? கல்யாணமான ஆண்களின் நிழல்கள் தெருவில் செய்த காரியங்களை இங்கே எழுத முடியாது. கடைசியில் உப்புத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் ஊர் கூடியது. சங்கச் செயலாளர் லிங்கதுரை எழுந்து, மனசில் வருவதற்கெல்லாம் வழக்கு வைத்தால் ஊரில் ஒருத்தன் மிஞ்சமாட்டான் என்று நியாயம் சொன்னார். நிழல் செய்ததற்குக் கேள்வி கிடையாது, கை செய்ததற்கு மட்டுமே கேள்வி என்று முடிவானது. எல்லாரும் கையைத் தூக்கினோம். கைகளுக்கு முன்பே நிழல்கள் தூக்கியிருந்ததால், கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது. அதை யாரும் கூடிப் பேசவில்லை, தானாக முளைத்தது. நிழல் செய்த கெட்டதற்குத்தான் கேள்வி கிடையாதே தவிர, நிழல் செய்த நல்லதை எங்கள் ஊர் கை செய்த நல்லதாகவே ஏற்றுக்கொண்டது. பேருந்தில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் உட்கார்ந்திருப்பவனின் நிழல் எழுந்து இடம் கொடுக்கும். அவளும் நல்லா இருங்கண்ணே என்பாள். அவன் உட்கார்ந்தே இருப்பான், அவள் நின்றே வருவாள். சண்டை போட்ட அண்ணன் தம்பிகளின் நிழல்கள் கைகோத்துக்கொண்டால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. பொல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அலுத்துப் போனவர்கள். முந்தியெல்லாம் ஒரு சுமையை ஒருமுறை தூக்கினால் போதும். இப்போது நிழல் தூக்குவதைக் கண்ணால் பார்த்து, அதன் முதுகு வலியையும் பட்டு, அதற்கு அப்புறம் நாமும் தூக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வீடு வந்து சேரும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆள் வேலை செய்த அசதி இருந்தது. கூலிக்குச் செய்கிற வேலையை நிழல் செய்ததோடு விட முடியாது, கங்காணி விடமாட்டார். விட முடிந்ததெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சும்மா செய்கிற காரியங்களை மட்டும்தான். அதை விட்டுவிட்டோம்.

இப்போது ராசக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பதினேழு பெண்களில் அவள் ஒருத்தி. அவள் புருஷன் சித்திரைவேல் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தலையில் வைத்துப் பலகையில் ஏறும்போது அவன் இடுப்பு ஆடாது, தலையில் துண்டைச் சுற்றிய சும்மாடு நகராது. லோடு ஏறி முடிந்ததும் லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் டிரைவர் வண்டியை எடுப்பான். எங்கள் பக்கத்தில் எல்லா லோடுமேன்களும் அப்படித்தான் தட்டுவார்கள் என்றாலும், சித்திரைவேல் தட்டினால் டீக்கடை வரைக்கும் கேட்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பாதிப் பலகையில் அவன் மூட்டையோடு உட்கார்ந்தான். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, கொஞ்ச நாளில் இடது பக்கமும் சும்மா கிடந்தே துவண்டுபோயிற்று. கண் மட்டும் திறந்திருந்தது. அது எதையாவது பார்க்கிறதா, அல்லது வெறுமனே திறந்திருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

ஐந்து வருஷமாக ராசக்கனி விடியுமுன் எழுந்து அவனைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டி, பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, உப்பளத்துக்குப் போய், வெந்து, திரும்பி வந்து, மறுபடி புரட்டி, மறுபடி துடைத்து, மறுபடி ஊட்டி, குழாயடிக்குப் போய் நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, அதை ஒத்தையாக இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் வருஷம் அவனிடம் பேசிக்கொண்டே செய்தாள். இரண்டாம் வருஷம் தனக்குள் பேசிக்கொண்டு செய்தாள். அப்புறம் பேசவில்லை. ஒருநாள் மட்டும் வாசலில் நின்று பிச்சம்மாளிடம், “இவுக போய்ச் சேந்துட்டா ஒரு நாளாவது கால நீட்டித் தூங்குவேன் மைனி” என்று சொல்லிவிட்டாள். கட்டில் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. சொன்ன பிறகு உள்ளே போய் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

நிழல்கள் முந்திக்கொண்ட அன்றைக்கே ஊருக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. சித்திரைவேல் நிழல் என்ன செய்யும்? அவனை ஒருதரம் வெயிலில் கொண்டுவந்து போட்டால் தெரிந்துவிடுமே என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொன்னார்கள். வெயில் அவருக்கு ஆகாது என்று ராசக்கனி ஒரே பதிலைச் சொன்னாள். கட்டிலைச் சுவரோரம் இன்னும் உள்ளே தள்ளிப்போட்டாள். சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். குண்டு பல்பைக் கழற்றிப் பரணில் வைத்தாள். வீட்டுக்குள் நிழல் விழுகிற அளவுக்கு வெளிச்சமே வராமல் ஐந்து மாதம் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் வாசலில் யாராவது வந்து நின்றாலே அவள் நிழல் ஓடிப்போய்க் கதவைச் சாத்தும். சித்திரைவேலின் நிழல் அசையவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை, ஐந்து வருஷமாக ஒரு வெறுங்கூட்டுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அசைந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். வாசலில் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறான். அதோடு, அவள் இந்த ஜென்மத்துக்கு எங்கேயும் போக முடியாது. இரண்டில் எது நடந்தாலும் தாங்குவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

குழாயடியைப் பார்த்தபடி பிச்சம்மாள் தன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். ராசக்கனி டிரம்மை நிமிர்த்தப் பார்க்கும்போது பிச்சம்மாளின் நிழல் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடிக்கும். ராசக்கனி, இருக்கட்டும் மைனி என்பாள். பிச்சம்மாளும், இருக்கட்டும் என்று உட்கார்ந்தபடியே சொல்லுவாள். டிரம்மை ராசக்கனி இழுத்துக்கொண்டு போவாள். பிச்சம்மாளுக்கும் காலில் உப்பு அரித்த புண். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. என் நிழலும் எத்தனையோ தடவை அந்த டிரம்மைப் பிடித்திருக்கிறது. நான் அப்போது டீக்கடையில் இருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ராசக்கனியின் அண்ணன் வைகுண்டமணி வந்தார். பக்கத்து டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், நல்ல மனுஷன், தங்கச்சி உடம்பைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கைவைக்காமல் அழுதார். இப்படிக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடலாம், நீ என் வீட்டுக்கு வந்துவிடு என்றார். ராசக்கனியின் நிழல் மட்டும் தலையை ஆட்டியது, அது சரி என்றா மாட்டேன் என்றா என்று அண்ணனுக்குப் பிடிபடவில்லை. வெளியூர்க்காரர். சரி என்றுதான் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஐகோர்ட்துரை தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலுக்கு எதிரே, பின்பக்கத்தைத் திறந்து நிறுத்தினான். சித்திரைவேல் லோடு ஏற்றிய காலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். ராசக்கனி துணிமூட்டையை வண்டிக்குள் வைத்தாள். வைகுண்டமணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து இல்லத்துக்காரர்களோடு போனில் பேச ஆரம்பித்தார். அவர் கூலி பேசியிருந்த நாலு பேர் உள்ளே போய்க் கட்டிலோடு சித்திரைவேலைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அவன்மேல் வெயில் பட்டது. தெருவே வந்து நின்றது, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு.

கட்டிலுக்கு அடியில் நிழல் கட்டில் மாதிரியே கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ராசக்கனியின் முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் சும்மா இருந்துவிட வேண்டும், அவளை ஒன்றும் கேட்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அப்போது சித்திரைவேலின் கண் நகர்ந்தது. முற்றத்தைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, ராசக்கனியிடம் போய் அவள் கழுத்தெலும்பையும் கைகளில் வெடித்திருந்த தோலையும் வெகுநேரம் பார்த்தது, அப்புறம் வண்டியைப் பார்த்தது. கட்டிலின் கால்களுக்கு இடையிலிருந்து அவன் நிழல் எழுந்தது. பழைய சித்திரைவேல்தான், அதே அகலத் தோள், அதே ஆடாத இடுப்பு. அது நேராக நடந்து வண்டியிடம் போய், கையை ஓங்கி, பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டியது.

சத்தம் வரவில்லை. ஆனால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஐகோர்ட்துரைக்கும் கேட்டது. பதினைந்து வருஷப் பழக்கம் ஒருபுறம், நிழல் செய்தால் செய்ததுதான் என்கிற ஐந்து மாதப் பழக்கம் மறுபுறம், அவன் ஒரு நொடியும் யோசிக்காமல் கியரைப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போனில் பேசிக்கொண்டிருந்த வைகுண்டமணியும் கூடவே போய்விட்டார். பின்பக்கக் கதவு ஆடிக்கொண்டே போக, துணிமூட்டை தனியாக உட்கார்ந்து பயணம் போனது.

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. சித்திரைவேல் என்ன சொன்னான் என்பது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. போகலாம் என்றான். நான் போகிறேன், நீ தூங்கு என்றான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். லிங்கதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, இது நிழல் செய்த நல்லதா கெட்டதா என்று ஆரம்பித்தார். நல்லதென்றால் செய்ததாகவே ஆகும், அவன் போனதாகவே ஆகும். கெட்டதென்றால் கேள்வி கிடையாது, இங்கேயே கிடக்க வேண்டியதுதான். சங்கக் கொட்டகையில் கூடினால் மூன்று நாள் பேச வேண்டிய விஷயம். யாருக்கும் பேசத் தெம்பில்லாததால் அவரே நிறுத்திக்கொண்டார்.

ராசக்கனி கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நிழல் முதலில் உட்கார்ந்தது, பிறகு அவள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, நாலு வருஷம் கழித்து முதல்முறையாக அவனிடம் பேசினாள்.

“ரெண்டு தட்டு தட்டுனியளே, லோடு ஏறுனதுக்குப் பொறவுல்லா தட்டணும்? ஏறாமலே தட்டலாமா? இதான் நீங்க பாத்த வேலையா?”

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெயிலாலும் இருக்கலாம், ஐந்து வருஷம் வெயிலே பார்க்காத கண். வெயில் முகத்தில் அடிக்கிறது, உள்ளே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் ராசக்கனிக்குத் தோன்றியது. எழுந்து போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள்.

அவள் பிடிப்பதற்கு முன்பே சித்திரைவேலின் நிழல் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. இடுப்பில் இருந்த துண்டை உருவித் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டது. முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, இரண்டு கட்டில் கால்களையும் அளவெடுத்துப் பிடித்தது. தான் படுத்துக்கிடக்கிற கட்டிலைத் தானே தூக்கிக்கொடுக்க வந்து நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இந்த ஐந்து மாதம் இருட்டிலும், அதற்கு முந்தின வருஷங்களில் அவன் மண்டைக்குள்ளும், அவள் எதையெதைத் தூக்கினாளோ அதன் மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அவளுக்கு இருந்த அசதி அவனுக்கும் இருந்திருக்கிறது.

“ஆளு புடிச்சாச்சுளா, தூக்கு” என்று பிச்சம்மாள் படியில் இருந்தபடியே சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எங்கள் ஊர் வழக்கப்படி அது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் முப்பது நாற்பது பேர் நின்றோம், எங்கள் முப்பது நாற்பது நிழல்களும் முண்டியடித்துக்கொண்டு போய்க் கட்டிலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன, கட்டிலே தெரியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தது, அதோடு எங்களுக்கு உதவி செய்த நிம்மதியும் வந்துவிட்டது. யாரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ராசக்கனி தூக்கினாள். தலைமாடு எழும்பியது. கால்மாடு தரையிலேயே இருந்தது. அவள் அப்படியே தாங்கிப் பிடித்தாள், சித்திரைவேல் சரிய ஆரம்பித்தான், அவன் நிழல் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருந்தது.

“நெழலு தூக்கி எந்தக் கட்டிலு நவுந்துருக்கு?” என்று அவள் கேட்டாள். கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை. “அவுகளால முடியாது, அதனால நெழல அனுப்புதாவ. ஒங்களுக்கு என்ன கேடு? ஒங்களுக்குக் கை இருக்குல்லா?”

அந்த வார்த்தை எங்கள் எல்லார் முகத்திலும் அடித்தது. அவள் விடவில்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் தனக்கு அலுப்புப் போகவில்லை என்றாள், இன்னும் கூடத்தான் அலுப்பாக இருக்கிறது என்றாள், அவரை அனுப்பவும் மனசில்லை, ஒத்தையாகச் சுமக்கவும் உடம்பில்லை, நிழல் வந்ததற்கெல்லாம் நல்லா இருங்க என்று சொல்லிச் சொல்லியே தன் முதுகு போய்விட்டது என்றாள்.

“இனிமே என் வாசலுக்கு நெழல அனுப்பாதிய. வந்தா ஆளா வாங்க, இல்லைனா வீட்ல கெடங்க.”

பிச்சம்மாள்தான் முதலில் எழுந்தாள். அவள் நிழல் ஏற்கனவே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது திரும்பிப் பார்த்தது, புண்காலை இழுத்துக்கொண்டு ஆளே நடந்து வருவதை நம்பாத மாதிரி. அவள் வந்து நிழல் பிடித்திருந்த அதே இடத்தில் கையை வைத்தாள். பிறகு லிங்கதுரை வந்தார். பிறகு நான் போனேன். நிழல் காட்டிய இடத்தில் கையைப் பொருத்துவது, செருப்புக்குள் காலை விடுவது மாதிரி அத்தனை சுலபமாக இருந்தது. இதற்குப் போயா இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. கட்டில் எழும்பியது. கால்மாட்டில் சித்திரைவேலின் நிழலும் எங்களோடு நடந்து வந்தது. அதை யாரும் விலகச் சொல்லவில்லை.

சன்னலில் தொங்கிய சாக்கை ராசக்கனி தன் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். பத்து மணி வாக்கில் போன் வந்தது. சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்த வைகுண்டமணி, மச்சானைக் காணாமல் வியர்த்துப்போயிருந்தார். வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டார். ராசக்கனி, திருப்பி வாங்கண்ணே, சாப்பிட்டுவிட்டுப் போங்க, அவுக எங்கேயும் வரல என்றாள். கொஞ்சம் நிறுத்தி, மாசத்துக்கு நாலு நாள் நீங்களும் வந்து பார்த்துக்கொள்ளணும், நீங்க வெளியூர், உங்க நிழல் இவ்வளவு தூரம் எட்டாது என்றும் சொன்னாள். வாரேம்மா என்று வைகுண்டமணி சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

ஊர் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். பேருந்தில் இன்றைக்கும் நிழல்தான் எழுந்து இடம் கொடுக்கிறது. ஆனால் ராசக்கனி வாசலில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது என்று ஆகிவிட்டது. காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். தன் முறையன்று யாராவது சோம்பி உட்கார்ந்திருந்தால், அவர்களுடைய நிழல் அங்கே போய் நின்றுகொண்டு திரும்பி வராது. நிழல் இல்லாமல் தெருவில் நடமாட வெட்கப்பட்டு, ஆளும் எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசக்கனி கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தாள். படுத்தது தெரியும், தூங்கியது அவளுக்கே தெரியாது. காற்றே இல்லை. அவள் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை அரும்பி நின்றது. சன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, கட்டிலையும் கட்டிலில் கிடப்பவனையும் சுவரில் வரைந்து வைத்திருந்தது. பிச்சம்மாள் காலை நீட்டிக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

சித்திரைவேலின் கண் கீழே தூங்குகிற முகத்துக்குப் போய், அங்கிருந்து ஆணியில் தொங்கிய பனையோலை விசிறிக்குப் போனது. சுவரில் அவன் நிழல் கையை நீட்டியது. விசிறிக் காம்பின் தடிப்புக்கு விரல்களை வளைத்துப் பிடித்தது. பிடித்து, மெல்ல, தூங்குகிறவள் முழித்துவிடாதபடி வீச ஆரம்பித்தது. ஆணியில் இருந்த விசிறி அசையவில்லை.

பிச்சம்மாள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, ஆணியிலிருந்து விசிறியை எடுத்து, நிழல் வீசிய அதே வேகத்தில் வீசினாள்.